எண்ணூர்க் காற்றில் ஆறு சோலார் பேனல்: ஒரு வருஷக் கணக்கு

என் வீட்டுக்காரர் நிலக்கரியை எரித்துக் கரண்ட் எடுக்கும் இடத்தில் 29 வருஷம் வேலை பார்த்தவர். 1988இல் எண்ணூர் அனல் மின் நிலையத்தில் கொதிகலன் பராமரிப்பு ஃபிட்டராகச் சேர்ந்தார். 2017 மார்ச் 31 அன்று அந்த நிலையத்தை மூடியதும் அத்திப்பட்டில் இருக்கும் வட சென்னை அனல் மின் நிலையத்துக்கு மாற்றினார்கள். அங்கிருந்துதான் ஓய்வு பெற்றார். அந்த மனுஷரிடம் போய், "மாடியில சோலார் போடலாமா?" என்று கேட்டேன். பேப்பரில் இருந்து தலையைத் தூக்காமல், "துணி காயப்போட இடம் மிஞ்சுமா, அதைப் பாரு" என்றார். சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

போட்டாயிற்று. 2024 அக்டோபர் 8 அன்று ஓட ஆரம்பித்து ஒரு வருஷமும் முடிந்துவிட்டது. நான் இட்லி மாவு வியாபாரம் செய்கிறவள். இன்றைக்கு எத்தனை கிலோ அரிசி ஊறவைத்தேன், எத்தனை பாக்கெட் போனது என்று தினமும் நோட்டில் எழுதும் பழக்கம் உண்டு. அதே நோட்டைத் திருப்பிப் பிடித்து, பின்பக்கத்தில் இருந்து சோலார் கணக்கையும் எழுதி வந்தேன். தினம் சாயங்காலம் விளக்கேற்றிவிட்டு, பேனலில் வருவதை வீட்டுக் கரண்ட்டாக மாற்றித் தரும், மாடிப்படி ஓரம் இருக்கும் இன்வெர்ட்டர் பெட்டியில் அன்றைய யூனிட்டைப் பார்த்து எழுதிவிடுவேன். கீழே வரும் எண்கள் எல்லாம் அந்த நோட்டில் இருந்து எடுத்தவை. போட்டுக்கொடுத்த கம்பெனியின் பெயரைக் கேட்காதீர்கள், சொல்லமாட்டேன். அந்தத் தம்பிகள் கெட்டவர்கள் இல்லை, அவசரக்காரர்கள்.

வீடு திருவொற்றியூர் காலடிப்பேட்டையில். கீழே மாவுக்கடை, மேலே நாங்கள் இருவரும் மகனும் மருமகளும் மாமியாரும். மொட்டை மாடி 650 சதுர அடி இருக்கும். கடல் நடக்கிற தூரம். ஒரு பக்கம் உப்புக் காற்று, இன்னொரு பக்கம் மணலி, எண்ணூர்ப் புகை, நடுவில் இரவு பகலாகக் கண்டெய்னர் லாரி. பேனலைப் பற்றிச் சொல்வதற்கு முன்னால் இதைச் சொல்லவேண்டும், ஏனென்றால் இணையத்தில் சோலார் பற்றிப் பேசுகிறவர்கள் யாரும் எங்கள் தெருவில் குடியிருந்த மாதிரி தெரியவில்லை.

சரி, எதற்காகப் போட்டோம் என்றால் கரண்ட் பில்லுக்காக. பூமியைக் காப்பாற்றும் எண்ணம் எல்லாம் அப்போது இல்லை. 2024இல் கத்திரி வெயில் மாதங்களுக்கு 690 யூனிட், 3,700 ரூபாய்ச் சொச்சம் வந்தது. 500 யூனிட்டைத் தாண்டினால் பில் எப்படிக் குதிக்கும் என்று தமிழ்நாட்டில் எல்லா வீட்டுக்கும் தெரியும். அந்த பில்லைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோதுதான் மகன் பிரதமரின் சூரிய வீடு திட்டம் பற்றிச் சொன்னான். 2024 பிப்ரவரியில் வந்த திட்டம். முதல் 2 கிலோவாட்டுக்குக் கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய், மூன்றாவது கிலோவாட்டுக்கு 18,000, ஆக மொத்தம் 78,000 ரூபாய் மானியம். அதற்கு மேல் எத்தனை கிலோவாட் போட்டாலும் அதே 78,000தான்.

விலை பேச வந்த தம்பி லேப்டாப்பைத் திறந்து ஒரு கணக்குக் காட்டினார். 3 கிலோவாட் போட்டால் வருஷம் 4,500 யூனிட், யூனிட்டுக்கு 9 ரூபாய், ஆக வருஷம் 40,000 ரூபாய் மிச்சம், நாலே வருஷத்தில் போட்ட பணம் திரும்ப வந்துவிடும் என்றார். "எங்க வீட்டுக்கு வருஷத்துக்கே அவ்ளோ பில் வர்றதில்லையே தம்பி" என்றேன். "அக்கா, கரண்ட் விலை ஏறிக்கிட்டே போகும்ல" என்றார். அந்த இடத்தில் நான் நோட்டை எடுத்துக் கூட்டிப் பார்த்திருக்கவேண்டும். மாவுக்கு உளுந்து வாங்கும்போது கிலோவுக்கு இரண்டு ரூபாய்க்குப் பேரம் பேசுகிறவள், இதில் கோட்டைவிட்டேன். அதைப் பின்னால் சொல்கிறேன்.

விலை 1,95,000 ரூபாய். 540 வாட் பேனல் ஆறு, அதாவது 3.24 கிலோவாட். சீட்டுப் பணம் எடுத்துக் கட்டினோம். மானியம் பின்னால்தான் வரும், முதலில் முழுத் தொகையையும் நாம்தான் கொடுக்கவேண்டும். இந்தியாவிலேயே செல் தயாரித்து இந்தியாவிலேயே செய்த பேனலுக்குத்தான் மானியம் உண்டு, அதனால் பேனல் இறங்கியதும் பின்பக்க லேபிளை ஒவ்வொன்றாகப் படித்து எண்ணைக் குறித்துக்கொண்டார் என் வீட்டுக்காரர். அதுவரை அக்கறையே இல்லாதவர் மாதிரி இருந்தவர், கம்பியும் நட்டும் போல்ட்டும் மாடிக்கு வந்தவுடன் லுங்கியை மடித்துக் கட்டிவிட்டார்.

சண்டை அன்றைக்கே ஆரம்பித்தது.

எங்கள் மாடியில் தட்டோடு பதித்திருக்கிறது. அதைத் துளைத்தால் மழைத் தண்ணீர் கீழே இறங்கும். துளை போடாமல் மேலேயே கான்கிரீட் கட்டை கட்டி, அதில் கால் நிறுத்தித் தருவதாகத்தான் பேச்சு. இவர் டீ குடிக்கக் கீழே இறங்கிய நேரத்தில் நான்கு இடத்தில் துளைத்துவிட்டார்கள். "கெமிக்கல் போட்டு அடைச்சிடுவோம் சார், ஒரு சொட்டு இறங்காது" என்றார்கள். 2024 நவம்பர் 30 ஃபெஞ்சல் புயல் மழையில் மாமியார் கட்டிலுக்கு நேர் மேலே சொட்டியது. பாவம், அவர் எதுவும் சொல்லாமல் கட்டிலை நகர்த்திப் போட்டுக்கொண்டு படுத்துவிட்டார். காலையில் பார்த்தால் ஒரு எவர்சில்வர் தவலை நிரம்பியிருந்தது. கம்பெனிக்கு ஏழெட்டு முறை போன் செய்தபிறகு ஒரு ஆள் வந்து வெள்ளையாக எதையோ பூசினார். அது தாங்கவில்லை. நாங்களே கொத்தனாரை வைத்துத் தட்டோட்டைப் பெயர்த்துச் சரிசெய்தோம்.

மற்ற கால்களுக்குக் கட்டை சரியாகவே கட்டினார்கள். உயரத்தில் மட்டும் நான் விட்டுக்கொடுக்கவில்லை. அவர்கள் இடுப்பளவு உயரத்தில் போடுவதாக இருந்தார்கள், ஏழடி கேட்டேன். கூடுதலாக 14,000 ஆகும் என்று ஆரம்பித்து, கடைசியில் 1,95,000க்குள்ளேயே முடித்துக்கொடுத்தார்கள். இன்றைக்குப் பேனலுக்குக் கீழே கொடி கட்டி ஐந்து பேர் துணி காய்கிறது, வடாமுக்கு மட்டும் வெயிலுக்கு ஒரு ஓரம் தேடவேண்டும். உயரம் கூடினால் காற்று கூடுதலாகப் பிடிக்கும் என்பது உண்மை. 2016 டிசம்பர் 12, வர்தா புயலில் எங்கள் எதிர்வீட்டு ஆஸ்பெஸ்டாஸ் கூரை பறந்து வந்து எங்கள் தண்ணீர்த் தொட்டியில் மோதியது, அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. அதனால் குறுக்குக் கம்பிகளை இவர் கூடவே நின்று போடவைத்தார். ஃபெஞ்சலுக்குக் கட்டமைப்பு அசையவில்லை. அதற்கு முழு மதிப்பெண் தருகிறேன்.

பேனல் ஏறிய பிறகு 47 நாள் சும்மாவே இருந்தது. போன யூனிட்டையும் வந்த யூனிட்டையும் தனித்தனியாகக் காட்டும் நெட் மீட்டர் மாட்டினால்தான் ஓட்டலாம். அதற்கான விண்ணப்பத்தில் கம்பெனி ஆள் எங்கள் இணைப்பு எண்ணில் ஒரு இலக்கத்தை மாற்றிப் போட்டு, அது திரும்பி வந்ததையும் பார்க்காமல் மூன்று வாரம் விட்டுவிட்டார். நடுவில் ஒருநாள் வந்த பையன், "சும்மா ஆன் பண்ணி விட்டுடறேன் அக்கா, வெயில் வீணா போகுது" என்று சுவிட்சில் கை வைத்தான். இவர் கத்திய கத்தலில் கடைக்கு வந்திருந்த பெண்கள் பயந்துபோனார்கள். காரணம் இருக்கிறது. பழைய மீட்டர்களில் பல, கரண்ட் எந்தப் பக்கம் போனாலும் ஒரே பக்கமாக எண்ணும். நாம் வெளியே கொடுத்த யூனிட்டும் நாம் எரித்த யூனிட்டாகவே பில்லில் ஏறிவிடும். சோலார் போடுகிறவர்கள் இதை மட்டும் மனதில் வையுங்கள்: மீட்டர் மாறும்வரை யார் சொன்னாலும் ஆன் செய்யாதீர்கள். மீட்டர் வந்து எல்லாம் முடிந்தபிறகு மானியம் 78,000 ரூபாய் ஒரே தவணையில் என் கணக்கில் விழுந்தது. அதில் ஒரு குறையும் இல்லை.

அப்புறம் அந்தப் பவர் கட் விஷயம். "சோலார் போட்டா பவர் கட்டே தெரியாதுக்கா" என்று சொல்லித்தான் மாமியாரைச் சம்மதிக்க வைத்தார் அந்தத் தம்பி. முதல் பவர் கட் ஒரு நல்ல மத்தியான வெயிலில் வந்தது. மாடியில் வெயில் கொளுத்துகிறது, கீழே ஃபேன் நின்றுவிட்டது. மாமியார் மேலே கையைக் காட்டி, "அது என்ன தூங்குதா?" என்று கேட்டார். தெருவில் கரண்ட் இல்லை என்றால் பேட்டரி இல்லாத சோலார் தானாகவே நின்றுவிடும். நிற்கத்தான் வேண்டும். கம்பத்தில் ஏறி வேலை பார்க்கிற லைன்மேனுக்கு, கரண்ட்டை நிறுத்தியாயிற்று என்ற நம்பிக்கைதான் உயிர். நம் மாடியில் இருந்து கரண்ட் அந்தக் கம்பிக்குப் போனால் என்ன ஆகும்? இவர் சொல்லித்தான் எனக்கே புரிந்தது. பேட்டரியோடு வேண்டும் என்றால் வேறு வகை இன்வெர்ட்டர், கூடுதலாக ஒரு லட்சத்துக்கு மேல் ஆகும் என்றார்கள். வேண்டாம் என்று பழைய வீட்டு இன்வெர்ட்டரையே வைத்துக்கொண்டோம். பொய் சொல்லாமல் முதலிலேயே இதைச் சொல்லியிருக்கலாம்.

இனி முக்கியமான சங்கதிக்கு வருகிறேன். தூசி.

நான் பிறந்து வளர்ந்தது ராயபுரம். துறைமுகத்தில் நிலக்கரி இறக்கிய காலத்தில் எங்கள் அம்மா வெள்ளை வேட்டியை வெளியே காயப்போடமாட்டார். காலையில் துடைத்த ஜன்னல் கட்டையில் சாயங்காலம் விரலால் பெயர் எழுதலாம். நீதிமன்றம் சொல்லி 2011இல்தான் நிலக்கரியையும் இரும்புத் தாதையும் அங்கே இறக்குவதை நிறுத்தி எண்ணூர்த் துறைமுகத்துக்கு அனுப்பினார்கள். ராயபுரம் வெளுத்தது. நான் அதற்கு முன்பே கல்யாணமாகித் திருவொற்றியூர் வந்துவிட்டேன், தூசியும் பின்னாலேயே வடக்கே வந்துவிட்டது. எங்கள் பேனலில் படிகிற கறுப்பில் நிலக்கரி எவ்வளவு, சாம்பல் எவ்வளவு, லாரிப் புகை எவ்வளவு, உப்பு எவ்வளவு என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. கண்ணாடியில் விரலை வைத்து இழுத்தால் மை மாதிரி ஒட்டும். மழைக்குத் தானாகக் கழுவிக்கொள்ளும் என்று கம்பெனியில் சொன்னார்கள். புழுதி என்றால் போகும். இது எண்ணெய்ப் பசை மாதிரி, உப்போடு சேர்ந்து இறுகிவிடுகிறது. தூறல் விழுந்தால் இன்னும் மோசம், சேறாகிக் கீழ் விளிம்பில் தங்கிக் காய்ந்துவிடும்.

ஒரு சோதனை செய்தேன். 2025 ஜனவரி 1 அன்று கழுவிவிட்டு அப்படியே விட்டேன். நடுவில் 13ஆம் தேதி போகி. அன்று புகையில் சூரியனே தெரியவில்லை, 9.2 யூனிட். பிப்ரவரி 15, நல்ல வெயில், மேகம் இல்லை: 11.6 யூனிட். மறுநாள் விடியற்காலையில் கழுவினோம். 16ஆம் தேதி, அதே மாதிரி வெயில்: 13.7. ஒரே நாளில் இரண்டு யூனிட்டுக்கு மேல் வித்தியாசம். இது பேனலின் குறை இல்லை, விற்றவரின் குறையும் இல்லை. ஆனால் திருவான்மியூரில் இருக்கிற என் தங்கை வீட்டில் மாதம் ஒருமுறை கழுவினால் போதுமாம். எனக்குப் பத்து நாளுக்கு ஒருமுறை.

எதை வைத்துக் கழுவுவது என்பது அடுத்த தலைவலி. எங்கள் போர் தண்ணீர் உப்பு. அதில் கழுவினால் காய்ந்ததும் வெள்ளை வெள்ளையாகப் பூத்துவிடுகிறது. ஆர்.ஓ. மெஷினில் இருந்து வெளியே போகும் கழிவுத் தண்ணீர் அதைவிட உப்பு, அதைத் தொடவே கூடாது. மெட்ரோ தண்ணீரை இதற்குச் செலவழிக்க மனசு வரவில்லை. கடைசியில் வழி சொன்னது என் மருமகள். ஏசியில் இருந்து வெளியே சொட்டுகிற தண்ணீர் காற்றின் ஈரம் குளிர்ந்து இறங்குவது, அதில் உப்பு கிடையாது. நம் ஊர்ப் புழுக்கத்துக்கு ஒரு ராத்திரிக்கு ஒரு பக்கெட் நிரம்பிவிடும். குழாயைத் திருப்பி டிரம்மில் விட்டோம். பத்து நாளில் ஆறு பேனலுக்கும் தாராளமாகப் போதுமான தண்ணீர் சேர்ந்துவிடுகிறது. அன்று முதல் வெள்ளைக் கறை இல்லை.

கழுவுகிறவர் இவர்தான். ஆறு மணிக்கு முன்னால் மாடிக்குப் போய்விடுவார். வெயில் ஏறிக் கண்ணாடி கொதிக்கும்போது பச்சைத் தண்ணீர் ஊற்றினால் கீறல் விடலாம். கரண்ட் ஓடும் நேரத்தில் ஈரக் கையோடு அங்கே நிற்பதும் நல்லதில்லை. சோப்புத் தூள் கிடையாது, கரகரப்பான பிரஷ் கிடையாது. ஒட்டடைக் கம்பில் பழைய காட்டன் வேட்டியைச் சுற்றிக் கட்டியிருக்கிறார். ஏழடி உயரம் கேட்டு வாங்கிய நான் இந்த இடத்தில் வாயைத் திறப்பதில்லை, ஏனென்றால் அவர் ஏணியில் ஏறித்தான் துடைக்கவேண்டியிருக்கிறது. இடுப்பளவில் இருந்திருந்தால் நானே துடைத்திருப்பேன். துணியா, கழுவுவதா, இரண்டில் ஒன்றை முன்கூட்டியே முடிவு செய்துகொள்ளுங்கள்.

காக்கை தனிக் கதை. அமாவாசைக்குச் சோறு வைக்கும் கைப்பிடிச் சுவர், பேனலுக்கு மிக அருகில். முன்னோர்கள் சாப்பிட்டுவிட்டுப் பேனல் மேல் உட்கார்ந்து நன்றி சொல்லிவிட்டுப் போனார்கள். ஒரு பேனலில் சிறு இடம் மறைந்தாலும் அதோடு வரிசையாகக் கோத்திருக்கும் மற்றவற்றின் கரண்ட்டும் குறைகிறது. இப்போது சோறு வைக்கும் இடத்தைத் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் மாற்றிவிட்டோம். முதல் இரண்டு அமாவாசை காக்கை வரவில்லை என்று மாமியார் என்னோடு சரியாகப் பேசவில்லை.

துரு பற்றியும் சொல்லவேண்டும். ஐந்தாவது மாதமே போல்ட் தலைகளிலும், மாடியில் வைத்து வெல்டிங் அடித்த இடங்களிலும் பழுப்பு எட்டிப் பார்த்தது. துத்தநாகம் பூசிய பைப்பை மாடியில் அறுத்து வெல்டிங் வைத்தால் அந்த இடத்துப் பூச்சு எரிந்துபோகும், கடல் காற்றுக்கு அது போதும். கம்பெனியில் இருந்து வந்து துருவின் மேலேயே சில்வர் பெயிண்ட் அடித்துவிட்டுப் போனார்கள். இவர் அன்று சாப்பிடவே இல்லை. அடுத்த நாள் பாரிமுனைக்குப் போய் 316 தர எவர்சில்வர் போல்ட் வாங்கி வந்தார். சாதாரணமாகக் கிடைக்கும் 304 தரத்தைவிட உப்புக்கு அது தாங்கும், அதில் மாலிப்டினம் சேர்ந்திருக்கிறது என்று எனக்குப் பாடம் வேறு. துருவைச் சுரண்டி, துத்தநாகப் பெயிண்ட் இரண்டு கோட் அடித்து, போல்ட்டை ஒவ்வொன்றாக மாற்றினார். நான்கு ஞாயிறு. கடலுக்கு ஒரு கிலோமீட்டருக்குள் இருக்கிறவர்கள் விலை பேசும்போதே போல்ட் எந்தத் தரம், வெல்டிங்கா போல்ட் இணைப்பா என்று கேட்டு எழுதி வாங்குங்கள். நாங்கள் பேனல் பிராண்டைத்தான் கேட்டுக்கொண்டிருந்தோம்.

இனிக் கணக்கு. ஒரு வருஷத்தில் வந்தது 4,086 யூனிட். தம்பி சொன்ன 4,500 இல்லை என்றாலும் இந்தத் தூசிக்கு இது மோசமில்லை. மிக அதிகம் வந்த நாள் மார்ச் 3, 15.6 யூனிட். கத்திரி வெயிலில்தான் அள்ளிக் கொட்டும் என்று நினைத்திருந்தேன். மே 4 அன்று வந்தது 13.9தான். பேனலுக்கு வெளிச்சம் வேண்டும், சூடு ஆகாது. சூடு ஏற ஏறக் கரண்ட் குறையும். ஃபெஞ்சல் நாளில் 0.9.

பில் எவ்வளவு குறைந்தது? சோலார் வருவதற்கு முந்தைய ஆறு பில்லையும் கூட்டினேன்: 3,160 யூனிட், சுமார் 13,400 ரூபாய். இந்த வருஷம் ஆறு பில்லுக்கும் சேர்த்து நாங்கள் கட்டியது 412 ரூபாய். ஆக, மிச்சம் 13,000. செலவு 1,95,000இல் மானியம் போக 1,17,000. கொத்தனார், போல்ட், பெயிண்ட் எல்லாம் 9,000. மொத்தம் 1,26,000. நாலு வருஷத்தில் திரும்பும் என்றாரே, என் கணக்கில் ஒன்பதே முக்கால் வருஷம்.

தப்பு எங்கே என்று மாவு ஆட்டும்போதெல்லாம் யோசித்தேன். தம்பி எல்லா யூனிட்டையும் 9 ரூபாயால் பெருக்கினார். எங்கள் வீட்டில் 9 ரூபாய்க்கு எரிந்தது கோடைகாலத்தில் மேலே உள்ள நூறு யூனிட் போலத்தான். கீழே இருக்கிற யூனிட் எல்லாம் மலிவு. இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் ஏற்கெனவே இலவசம், வருஷத்துக்கு 600 யூனிட் அப்படிப் போய்விடுகிறது. இலவசத்தை சோலார் வந்து இன்னும் இலவசமாக்க முடியாது. 3,160இல் 600 போனால் 2,560. அதற்கு 2 கிலோவாட் போதும்! எங்கள் கூரையில் ஒரு கிலோவாட்டுக்கு 1,260 யூனிட் வருகிறது. 2 கிலோவாட்டுக்கு மானியம் 60,000. எங்களுக்குச் சொன்ன விலை 1,40,000. கையில் இருந்து 80,000தான் போயிருக்கும், ஆறு வருஷத்தில் வந்திருக்கும். மானியம் 78,000 வரை இருக்கிறதே, முழுசாக வாங்கிவிடலாம் என்ற ஆசையில் மூன்றாவது கிலோவாட்டுக்கு 37,000 ரூபாய் போட்டோம். தள்ளுபடிப் புடவை வாங்கிய கதைதான்.

மருமகள் இதை ஒப்புக்கொள்ளவில்லை. அவள் கணக்கு வேறு. சோலார் வந்தபிறகு மாமியார் அறையிலும் ஏசி மாட்டினோம், மத்தியானத்தில் ஓடுகிறது. எண்பத்தொரு வயது, ஆஸ்பெஸ்டாஸ் கூரையின் கீழேயே பாதி ஆயுசைக் கழித்தவர், இந்த வருஷம் மேயில்தான் பகலில் தூங்கினார். வீட்டின் மொத்தச் செலவு இப்போது வருஷம் 4,410 யூனிட். பழைய மாதிரி பில் கட்டுவதாக இருந்தால் அந்த ஏசியை நாங்கள் மாட்டியிருக்கவே மாட்டோம். "அந்தத் தூக்கத்துக்கு விலை போடுங்க அத்தை" என்கிறாள். எப்படிப் போடுவது என்று எனக்குத் தெரியவில்லை. நோட்டில் அதற்குக் கட்டம் இல்லை. ஆனால் கரண்ட் சும்மாதானே என்று யாரும் இல்லாத ஹாலில் ஃபேன் ஓடுகிறதே, அதற்கு நான் விலை போடுவேன். முன்பு சுவிட்சை அணைக்காமல் போனால் வீடே கத்தும்.

எனக்கு ஒரு ஏமாற்றம் உண்டு. கீழே மாவு ஆட்டும் கிரைண்டர்தான் எங்கள் வீட்டில் பெரிய தீனிக்காரன். அதற்கும் சோலார் கரண்ட் போகும் என்று முதலில் நினைத்தேன். கடைக்குத் தனி இணைப்பு, வணிகக் கட்டணம். மானியம் வீட்டு இணைப்புக்கு மட்டும்தான், வீட்டு மீட்டரில் மிஞ்சியதைக் கடை மீட்டரில் கழிக்க வழியில்லை. மிஞ்சிய யூனிட் அடுத்த பில்லுக்குப் போய் நிற்கும், அவ்வளவே. ஒரே மாடி, ஒரே வெயில். மேலே 412 ரூபாய், கீழே மாதாமாதம் வயிற்றெரிச்சல்.

புகை குறைந்ததா என்று கேட்பீர்கள். வருஷக் கணக்கு எழுதி முடித்த அன்று இவரிடம் 4,086ஐக் காட்டினேன். ஒரு யூனிட் எடுக்க முக்கால் கிலோவுக்குச் சற்றுக் குறைவாக நிலக்கரி வேண்டும் என்றார். அப்படிப் பார்த்தால் மூன்று டன்னுக்குக் கொஞ்சம் கம்மி. நம் நாட்டு நிலக்கரியில் பத்து டன் எரித்தால் மூன்று நான்கு டன் சாம்பல் மிஞ்சும், ஆக ஒரு டன் சாம்பல் கொசஸ்தலை ஆற்றுப் பக்கம் போகாமல் நின்றது என்று வைத்துக்கொள்ளலாம். எனக்குப் பெருமையாக இருந்தது. அவர் பென்சிலை வாங்கி நோட்டின் ஓரத்தில் எதையோ வகுத்தார். அவர் வேலை பார்த்த எண்ணூர் நிலையம் 450 மெகாவாட். "முழுசா ஓடினா நம்ம ஒரு வருஷத்தை அது 33 விநாடியில எடுத்துடும்" என்றார். அத்திப்பட்டில் வட சென்னை அனல் மின் நிலையத்தின் மூன்றாவது கட்டம் மட்டுமே 800 மெகாவாட், 2024 மார்ச்சில் திறந்தார்கள். அதற்கு எத்தனை விநாடி என்று நான் கேட்கவில்லை.

கம்பெனியோடு ஐந்து வருஷப் பராமரிப்பு ஒப்பந்தம் இருக்கிறது. அதில் கழுவுவது வராதாம். வேண்டும் என்றால் வருஷம் 6,000 ரூபாய், மூன்று மாதத்துக்கு ஒருமுறை வருவார்களாம். எங்கள் ஊரில் மூன்று மாதம் விட்டால் பேனல் மேல் கீரை போடலாம். இன்வெர்ட்டர் ஒருமுறை சிவப்பு விளக்கு காட்டியபோது மட்டும் இரண்டாம் நாளே வந்து சரிசெய்தார்கள், அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஐந்துக்கு எத்தனை என்றால், பேனலுக்கும் இன்வெர்ட்டருக்கும் நாலரை, திட்டத்துக்கு நாலு, போட்டுக்கொடுத்தவர்களுக்கு இரண்டு. போன வாரம் தேரடிப் பக்கம் இருந்து ஒரு அம்மா மாவு வாங்க வந்து, தானும் போடலாமா என்று கேட்டார். பழைய பில் ஆறையும் எடுத்துக்கொண்டு வாருங்கள், கூட்டிப் பார்த்துச் சொல்கிறேன் என்றேன். வீட்டில் ஏணி ஏறுகிறவர் யாராவது இருக்கிறார்களா என்றும் கேட்டேன். அவர் யோசித்துவிட்டு, "எங்க வீட்டுக்காரருக்கு முழங்கால் வலி" என்றார். அப்படியானால் இடுப்பளவு உயரம்தான், துணியை வேறு எங்காவது காயப்போடுங்கள் என்று சொல்லி, அரைக் கிலோ மாவு பாக்கெட்டைக் கையில் கொடுத்தேன்.